சர்வீஸ் முடிந்த நான்காம் நாள் நின்றுபோன ஸ்போர்ட்ஸ் கார்: குற்றம் யாருடையது?

சத்துவாச்சாரி சக்கரம்:
என்னுடையது இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்னால். வயது ஏழு. வேலூரில் இதற்கு டீலர் இல்லாததால் சென்னைக்கு ஓட்டிச் சென்று சர்வீஸ் செய்தேன். ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எல்லாம் மாற்றி 1,12,000 ரூபாய் வாங்கினார்கள். நான்காம் நாள் பிரியாணிக்காக ஆம்பூர் கிளம்பினேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மாதனூர் அருகே வெண்புகையோடு வண்டி நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்த டீலரின் ஆள், “கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் போய்விட்டது, எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போயிருக்கலாம். சர்வீஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை, வேலூர் வெயில்தான் காரணம்” என்கிறார். வெயிலுக்கு நான் பணம் கட்ட வேண்டுமா?

பாலாற்று மணல்:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பம்பில் கசிவைத் தடுக்கும் சீல் நேற்றுவரை நன்றாக இருந்து இன்று விட்டுப்போகும் பொருள். சர்வீஸ் செய்தவர் அதற்கு ஆயுள் உத்தரவாதமா எழுதிக் கொடுத்தார்?

ராணிப்பேட்டை ஸ்பேனர்:
காக்கை பக்கத்து மரத்தில் உட்கார்ந்திருந்தால் ஒப்புக்கொள்வேன். இந்தக் காக்கை பழத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் கைவைத்ததே கூலன்ட் ஓடும் பாதையில்தானே?

தம்பி, எஞ்சின் நடுவில் உள்ள வண்டியில் கூலன்ட் முன்னும் பின்னும் நீண்ட குழாய்களில் போய் வருகிறது. பழையதை இறக்கிவிட்டுப் புதியதை மேலிருந்து ஊற்றினால் மட்டும் போதாது, உள்ளே காற்று தங்கிவிடும். முதலில் வெற்றிடம் உண்டாக்கி, பிறகு நிரப்ப வேண்டும். அதற்குத் தனிக் கருவியே இருக்கிறது. தங்கிய காற்று பம்புக்குள் போனால் கூலன்ட் நகராது, சீலும் காய்ந்து தேயும்.

வெயில் என்பது வெறும் சாக்கு. அழுத்தத்தோடு மூடியிருக்கும் கூலன்ட் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. துபாயிலும் இதே வண்டிகள்தான் ஓடுகின்றன. கசிந்து அழுத்தம் இறங்கினால்தான் சீக்கிரம் கொதிக்கும்.

பாலாற்று மணல்:
காற்று தங்கியிருந்தால் சென்னையிலிருந்து வரும் வழியிலேயே சூடேறியிருக்கும். வாலாஜாவைக் கூடத் தாண்டியிருக்க முடியாது. அதை விடுங்கள். விளக்கு எரிந்தது பள்ளிகொண்டாவில், வண்டி நின்றது மாதனூரில். நடுவில் எவ்வளவு தூரம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினீர்களா?

சத்துவாச்சாரி சக்கரம்:
சிறிது தூரம் ஓட்டினேன். வெப்பம் காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை, அதனால் சென்சார் கோளாறு என்று நினைத்தேன். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நிறுத்தவும் தயக்கமாக இருந்தது.

ராணிப்பேட்டை ஸ்பேனர்:
கூலன்ட் முழுக்க வடிந்துவிட்டால் சென்சார் நிற்பது காற்றில். முள் பொய் சொல்லும். ஆனால் தம்பி, விளக்கு எரிந்த பிறகு முள்ளைப் பார்த்திருக்கக் கூடாது. ஓரம்கட்டி நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் தப்பியிருக்கும்.

கோட்டை அகழி:
வழக்கறிஞனாக ஒரு சொல். இங்கே இரண்டு சேதங்கள் இருக்கின்றன. பம்ப் ஒன்று, விளக்கு எரிந்த பின் ஓட்டியதால் வந்த கேஸ்கெட் செலவு இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்டால் முதல் விசாரணையிலேயே அடி வாங்குவீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னைக்கு அலைய வேண்டாம். இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனால் சேவைக் குறைபாட்டை மெய்ப்பிக்க வேண்டியவர் நீங்கள்தான். எஞ்சினைப் பிரிக்க ஒப்புதல் கேட்டு ஏதாவது தாள் நீட்டினார்களா?

சத்துவாச்சாரி சக்கரம்:
நீட்டினார்கள் ஐயா. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஸ்பேனர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு டார்ச்சோடு குனிந்து பார்த்தேன். குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்புகள் எல்லாம் இறுக்கமாகவே இருக்கின்றன. பம்பைச் சுற்றித்தான் வெள்ளைப் படிவு, விரலால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வருகிறது. சர்வீஸின்போது அவர்கள் எழுதிய ஜாப் கார்டிலோ “பம்ப் கசிவு: இல்லை” என்று டிக் அடித்திருக்கிறார்கள்.

ராணிப்பேட்டை ஸ்பேனர்:
அப்படியானால் என் காற்றுக் கதையை வாபஸ் வாங்குகிறேன். அந்தப் படிவு நான்கு நாளில் வந்ததாக இருக்காது. பம்ப் முன்பே கசிந்திருக்கிறது, கார்டில் டிக் அடித்தவர் அடியில் குனிந்தே பார்க்கவில்லை.

பாலாற்று மணல்:
சூடான இரும்பில் கூலன்ட் பட்டால் ஒரு மணி நேரத்திலேயே காய்ந்துவிடும். அதை வைத்து வயது சொல்ல முடியுமா? முன்பே கசிந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளாவது மூடியைத் திறந்து அளவு பார்த்தீர்களா சக்கரம்?

சத்துவாச்சாரி சக்கரம்:
மூடி எங்கே இருக்கிறது என்பதே நேற்றுத்தான் தெரிந்தது.

கோட்டை அகழி:
அதை இங்கே எழுதியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஜாப் கார்டையும் படிவையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

ராணிப்பேட்டை ஸ்பேனர்:
சனிக்கிழமை நான் வந்து பார்க்கிறேன் தம்பி. மணல் அண்ணனும் வரட்டும், சுரண்டிப் பார்த்து அவரே வயது சொல்லட்டும். அதுவரை வண்டியை ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

சத்துவாச்சாரி சக்கரம்:
இன்று காலை ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன் அண்ணா.