லேரி ஹோம்ஸ்: 48-0 போன மனுஷன ஏன் யாரும் டாப் 5ல சேக்கறதே இல்ல?

கோவை_ரிங்சைட்:
போன வாரம் ராத்திரி தூக்கம் வராம பழைய ஹெவிவெயிட் ஃபைட்டா பாத்துட்டு இருந்தேன், அப்படியே 1980 அலி - ஹோம்ஸ் ஃபைட்ல போய் மாட்டிக்கிட்டேன். பாதில நிறுத்திட்டேங்க, பாக்க முடியல. அலி கைய தூக்கவே கஷ்டப்படறாரு, ஹோம்ஸ் பாட்டுக்கு ஜேப் மேல ஜேப் (முன் கைய நேரா நீட்டி விடற குத்து) போட்டுட்டே இருக்காரு. கோவத்துல யாருடா இந்த ஆளுன்னு தேடிப் பாத்தா 7 வருசத்துக்கு மேல சாம்பியன், 20 தடவ பட்டத்த காப்பாத்திருக்காரு, அதுக்கு மேல ஜோ லூயிஸ் 25 தடவ, அவ்ளோதான் அப்பத்திக்கு. 48-0 வரைக்கும் தோக்கவே இல்ல. ஆனா நம்மாளுங்க கிட்ட ஹெவிவெயிட்னு சொன்னா அலி, டைசன், ஃப்ரேஸியர், ஃபோர்மன்னு போறாங்களே தவிர இவரு பேர யாரும் எடுக்கறதே இல்ல. நெஜமாவே அவ்ளோ பெரிய ஆளா, இல்ல ஆள் இல்லாத காலத்துல சாம்பியனா இருந்தவரா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, நான் பாக்ஸிங்குக்கு புதுசு.

பழைய_டேப்:
ப்ரோ நீங்க ஆரம்பிச்ச இடமே தப்பு. அலி ஃபைட்ட வெச்சு ஹோம்ஸ பாத்தா அவரு வில்லனாத்தான் தெரிவாரு, ஊரே அப்படித்தான் பாத்துச்சு, பாதி பிரச்சனையே அதான்.

ஜார்ஜியால பொறந்து பென்சில்வேனியால ஈஸ்டன்னு ஒரு சின்ன ஊர்ல வளந்தவரு. ஏழாவதோட படிப்ப விட்டுட்டு கார் கழுவற எடத்துல வேலைக்கு போனாரு. 1972 ஒலிம்பிக் ட்ரயல்ஸ்ல டுவேன் பாபிக் கூட ஆடறப்போ சும்மா சும்மா கட்டிப் புடிச்சாருன்னு டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க, அதோட 'இவனுக்கு நெஞ்சுல தைரியம் இல்ல'ன்னு ஒரு பேரு ஒட்டிக்கிச்சு. 1973ல ப்ரொஃபஷனல் ஆனாரு, முதல் ஃபைட்டுக்கு கெடச்சது 63 டாலர். அந்த காசுல என்ன ஆகும், அதனால அலியோட டீர் லேக் கேம்ப்ல ஸ்பாரிங் பார்ட்னரா, அதாவது பயிற்சிக்கு எதிர்ல நின்னு அடி வாங்கற வேல. அங்க அலி அடிச்சு கண்ணு கருத்துப் போச்சு, ஐஸ் வைடான்னா வெக்க மாட்டேன்னுட்டாராம், ஊருக்குப் போய் அலி குடுத்ததுன்னு காட்டணும்ல. அந்தளவுக்கு பைத்தியம் அவரு மேல. அந்த ஆள அடிக்க வேண்டி வந்துச்சுன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த ஃபைட்டுக்கு அலி வந்திருக்கவே கூடாது. வயசு 38, எடை குறைக்கறேன்னு தைராய்டு மாத்திரை எல்லாம் போட்டுட்டு ரிங்குக்குள்ள வராரு, வெளிய பாக்க ஒல்லியா அழகா இருந்தாரு, உள்ள ஒண்ணுமே இல்ல. ஹோம்ஸ் பல எடத்துல அடிக்காம ரெஃபரிய பாப்பாரு, நிறுத்துய்யா போதும்ங்கற மாதிரி. பத்தாவது ரவுண்டு முடிஞ்சு அலியோட ட்ரெய்னர் ஏஞ்சலோ டண்டீதான் போதும்னு நிறுத்துனாரு. அலி வாழ்க்கைல ரிங்ல நிறுத்தப்பட்ட ஒரே ஃபைட் அதுதான். ஜெயிச்சவரு அழுதாரு ப்ரோ, அதையும் கடைசி வரைக்கும் பாருங்க.

ஹோம்ஸ பாக்கணும்னா அப்ப சாம்பியனா இருந்த கென் நார்ட்டன் கூட 1978 ஜூன்ல ஆடுன ஃபைட் பாருங்க. ஹோம்ஸுக்கு இடது கை தசை கிழிஞ்சு இருந்துச்சு, யார் கிட்டயும் சொல்லாம வந்து ஆடுனாரு. 14 ரவுண்டு முடிஞ்சப்போ மூணு ஜட்ஜும் சமம்னு வெச்சிருந்தாங்க, மொத்த பட்டமும் 15வது ரவுண்டுல தொங்குது. அந்த கடைசி மூணு நிமிசம் ரெண்டு பேரும் ஓடவே இல்ல, நின்ன எடத்துல நின்னு மாத்தி மாத்தி அடிச்சுக்கறாங்க. 143-142, அதுவும் ரெண்டு ஜட்ஜ் ஹோம்ஸுக்கு ஒருத்தர் நார்ட்டனுக்கு. தைரியம் இல்லாதவன்னு சொன்ன ஆளுதான் இது.

ராயபுரம்_சவுத்பா:
அண்ணே மேல சொன்னது எல்லாம் கரெக்டு, நான் ஜேப் பத்தி மட்டும் சொல்லிக்கிறேன். எங்க மாஸ்டரு பரம்பரை காலத்து ஆளு, எப்பவும் இடது கைய மூஞ்சிக்கு பக்கத்துல வெச்சுக்கோடான்னு முதுகுலயே போடுவாரு. ஹோம்ஸு என்னடான்னா இடுப்பு கிட்ட வெச்சிருப்பாரு! கீழேந்து வர்றதால எதிர்ல இருக்கறவனுக்கு அது கெளம்பறதே தெரியாது, தெரியறப்போ மூக்குல இருக்கும். நீட்டுன கை எவ்ளோ வேகமா போச்சோ அதவிட வேகமா திரும்ப வரும், ஒண்ணு குடுத்துட்டு நிக்க மாட்டாரு, ரெண்டாவதும் வரும், அதுக்குப் பின்னாடி ரைட்டு. நிறைய பேரு ஜேப்ப தூரம் அளக்கற ஸ்கேல் மாதிரி யூஸ் பண்ணுவான், இவரு அதாலயே ஆள ஒடைப்பாரு. ஒரு பத்து ரவுண்டு அத வாங்குனா கண்ணு ரெண்டும் வீங்கி எவன் எங்க நிக்கறான்னே தெரியாது.

ஆனா கை கீழ இருக்கறதுக்கு விலையும் இருக்கு, மேலேந்து வளைஞ்சு வர்ற ஓவர்ஹேண்ட் ரைட்டுக்கு கதவு தொறந்தே இருக்கும். 1979ல எர்னி ஷேவர்ஸ் ஏழாவது ரவுண்டுல போட்டாரு பாருங்க ஒரு ரைட்டு, அய்யோ, மனுசன் மல்லாக்க விழுந்தாரு, அந்த அடிக்கு நாமெல்லாம் அடுத்த நாள்தான் எந்திரிப்போம். எந்திரிச்சு வந்து 11வது ரவுண்டுல ஷேவர்ஸயே நிறுத்திட்டாரு. ரெனால்டோ ஸ்னைப்ஸ்னு இன்னொரு ஆள் கிட்டயும் இதே கதைதான். விழுந்தா எந்திரிக்கறதுதான்ணே இவரோட ரெண்டாவது ஆயுதம். எங்க கிளப்புல பசங்களுக்கு ஹோம்ஸ் மாதிரி கைய கீழ விடாதீங்கடா, ஹோம்ஸ் மாதிரி எந்திரிங்கடான்னு சொல்லுவேன், பசங்க கைய மட்டும் கீழ விடுவானுங்க.

நேருஸ்டேடியம்1980:
தம்பிகளா, வயசானவன் ஒருத்தன் நடுவுல வரேன். அதே 1980 ஜனவரி கடைசில அலி மெட்ராஸ் வந்தாரு, நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட காட்சி ஆட்டம், எம்ஜிஆர் வந்திருந்தாரு. எனக்கு பதினோரு வயசு, அப்பா தோள் மேல உக்காந்து பாத்தேன், அலி சிரிச்சதும் கூட்டம் கத்துனதும்தான் ஞாபகம் இருக்கு, ஆட்டம் சுத்தமா ஞாபகம் இல்ல. அடுத்த ஒம்பது மாசத்துல ஹோம்ஸ் கிட்ட அடி வாங்குனாருன்னு பேப்பர்ல பாத்துட்டு எங்க தெருவே இழவு வீடு மாதிரி ஆயிடுச்சு. ஹோம்ஸ்னு பேர் சொன்னாலே எங்க அப்பா சேனல மாத்துவாரு சாகற வரைக்கும். அதனால தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் ரொம்ப சிம்பிள்: எங்க சாமிய அடிச்சவன எப்படி கொண்டாடறது? நியாயமான்னா நியாயம் இல்லதான்.

எதிர்க்கட்சி_77:
எல்லாரும் உருகறீங்க, நான் கொஞ்சம் தண்ணி ஊத்தறேன். 20 டிஃபென்ஸ்னு எண்ணிக்கைய மட்டும் சொன்னா எப்படி? யார் யார் கூடன்னு பாக்க வேணாமா? 1983ல மார்விஸ் ஃப்ரேஸியர், ஜோ ஃப்ரேஸியரோட பையன், பத்தே ஃபைட் ஆடுன பையன கூட்டிட்டு வந்து முதல் ரவுண்டுலயே முடிச்சாரு. உலகப் பட்டம் குடுக்கற அமைப்புகள்ல ஒண்ணான WBCயே அத பட்ட ஃபைட்டா ஒத்துக்கல. கொஞ்ச நாள்ல WBC பெல்ட்ட விட்டுட்டு அப்பதான் பொறந்த IBFங்கற இன்னொரு அமைப்போட பெல்ட்ட கட்டிக்கிட்டாரு, கிரெக் பேஜ் கூட ஆடல, பிங்க்லன் தாமஸ் கூட ஆடல. விதர்ஸ்பூன் வெறும் 15 ஃபைட் ஆடுன ஆளு, அவன் கிட்ட ஸ்ப்ளிட் டிசிஷன்ல (ரெண்டு ஜட்ஜ் ஒரு பக்கம், ஒருத்தர் எதிர்ப்பக்கம்) தப்பிச்சாரு, ரீமேட்ச் குடுத்தாரா? கார்ல் வில்லியம்ஸ் கிட்டயும் கண்ணு வீங்கி கடைசில பாயிண்ட்ல தப்பிச்சாரு. அந்த நேரம் மூணாவது அமைப்பான WBAவோட பெல்ட் டேட், வீவர், டோக்ஸ், கோட்ஸீன்னு மியூசிக்கல் சேர் மாதிரி சுத்துது, ஒருத்தன் கூடயும் ஒரே பெல்ட்டா ஆக்கற ஃபைட் நடக்கல. அலி மாதிரி ஃப்ரேஸியர் ஃபோர்மன்னு எதிர்ல ஆள் நிக்கல இவருக்கு, நின்னவங்களயும் தேடிப் போகல.

பழைய_டேப்:
77, பாதி ஒத்துக்கறேன். மார்விஸ் மேட்ச் அசிங்கம்தான். ஆனா லிஸ்ட்ட உங்களுக்கு வசதியான எடத்துல வெட்டிட்டீங்க. வீவர 1979லயே 12வது ரவுண்டுல நிறுத்துனவரு ஹோம்ஸ், அந்த வீவர்தான் அப்புறம் WBA சாம்பியன் ஆனாரு. விதர்ஸ்பூனும் பின்னாடி சாம்பியன், பெர்பிக்கும் சாம்பியன், போன்க்ரஷர் ஸ்மித்தும் சாம்பியன். இவங்கள எல்லாம் இவரு முன்னாடியே அடிச்சிட்டதால அவங்க சின்ன ஆளுங்களா தெரியறாங்க. கோட்ஸீ கூட ஃபைட் பேசுனாங்க, அது நடக்காம போச்சு.

கூனி ஃபைட்ட வேற விட்டுட்டீங்க. 1982 ஜூன், லாஸ் வேகாஸ்ல சீசர்ஸ் பேலஸ் கார் பார்க்கிங்ல ரிங் போட்டு நடந்துச்சு. ஜெரி கூனி வெள்ளக்காரரு, நல்ல இடது ஹூக் (பக்கவாட்டுல வளைச்சு அடிக்கறது), ஆனா பெரிய ஆளுங்க யாரு கூடயும் 15 ரவுண்டு ஆடுனதில்ல. அவர 'வெள்ளையர்களோட நம்பிக்கை'ன்னு ஏத்திவிட்டு நாட்டையே ரெண்டா பிரிச்சு வித்தாங்க ப்ரொமோட்டர் டான் கிங்கும் மத்தவங்களும். டைம் பத்திரிகை அட்டைல சேலஞ்சர் படம், சாம்பியன் படம் இல்ல. ரிங்ல சாம்பியனத்தான் கடைசில அறிமுகம் பண்றது வழக்கம், அன்னைக்கு ஹோம்ஸ முதல்ல கூப்பிட்டுட்டு கூனிய கடைசில கூப்பிட்டாங்க. கட்டட மொட்டமாடில எல்லாம் துப்பாக்கியோட போலீஸ். இவ்ளோத்தையும் தாண்டி ஆடி 13வது ரவுண்டுல முடிச்சாரு. இதுல ஒரு கொடுமை, கூனி இடுப்புக்கு கீழ அடிச்சதுக்கு அவருக்கு மூணு பாயிண்ட் கொறைக்காம இருந்திருந்தா ரெண்டு ஜட்ஜ் கார்டுல அதுவரைக்கும் கூனிதான் ஒரு பாயிண்ட் முன்னாடி! டேப் பாத்தவன் எவனும் அப்படி மார்க் போட மாட்டான். சண்டைல வெறி ஏத்துனவங்க எல்லாம் காசு எண்ணிட்டு போயிட்டாங்க, அடிச்சுக்கிட்ட ரெண்டு பேரும் அப்புறம் நல்ல ஃப்ரெண்ட்ஸ் ஆயிட்டாங்க.

கோவை_ரிங்சைட்:
நன்றி அண்ணா, இது எதுவுமே தெரியாது. 48-0ல என்ன ஆச்சுன்னும் சொல்லுங்களேன், மார்சியானோ 49-0 பத்தி ஏதோ பேசி மாட்டிக்கிட்டாருன்னு படிச்சேன்.

எதிர்க்கட்சி_77:
அது நான் சொல்றேன், எனக்கு புடிச்ச பார்ட் அது 😄 1985 செப்டம்பர் 21, மார்சியானோ கடைசியா ஆடி சரியா 30 வருசம், அதே தேதி. மார்சியானோ 49 ஃபைட்டும் ஜெயிச்சு தோக்காமலே ஓய்வு பெற்ற ஹெவிவெயிட் சாம்பியன், ஹோம்ஸ் இன்னும் ஒண்ணு ஜெயிச்சா அந்த 49-0க்கு சமம். எதிர்ல மைக்கேல் ஸ்பிங்க்ஸ், லைட் ஹெவிவெயிட் சாம்பியன், அதுவரைக்கும் பட்டத்தோட இருக்கற லைட் ஹெவி சாம்பியன் எவனும் மேல வந்து ஹெவிவெயிட் பட்டத்த ஜெயிச்சதே இல்ல. அவங்க அண்ணன் லியோன 1981ல ஹோம்ஸ் மூணு ரவுண்டுல அடிச்சு அனுப்பிருந்தாரு, தம்பி வந்து 15 ரவுண்டு கோணல் மாணலா ஆடி பாயிண்ட்ல பட்டத்த எடுத்துட்டாரு. தோத்த கடுப்புல ப்ரெஸ் மீட்ல ஹோம்ஸ், மார்சியானோ என் ஜாக்ஸ்ட்ராப்ப (உள்ள போடற காப்பு உள்ளாடை) தூக்கக்கூட லாயக்கில்லன்னு விட்டாரு பாருங்க ஒரு வார்த்த. மார்சியானோ செத்து 16 வருசம் ஆச்சு, அவரோட தம்பி அன்னைக்கு அங்கயே இருக்காரு! அப்புறம் மன்னிப்பு கேட்டாரு, ஆனா 48 ஜெயிப்ப விட அந்த ஒரு வாக்கியம்தான் ஊருக்கு ஞாபகம். வாயாலயே தன் பேர கெடுத்துக்கிட்ட மனுசன், இதுக்கு ரசிகர்கள குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல.

ராயபுரம்_சவுத்பா:
அதுக்கப்புறம் 1986 ரீமேட்ச்ச ஏன்ணே விட்டீங்க? அது ஹோம்ஸ் ஜெயிச்சது, அப்பட்டமா ஜட்ஜுங்க கவுத்துட்டானுங்க. கோவை ப்ரோ, சவுண்ட ம்யூட்ல போட்டுட்டு நீங்களே பேப்பர்ல மார்க் போட்டுப் பாருங்க. அப்புறம் 1988ல டைசன் நாலாவது ரவுண்டுல மூணு தடவ சாச்சாரு, கிட்டத்தட்ட ரெண்டு வருசம் ஆடாம 38 வயசுல வந்து டைசன் கிட்ட நின்னா அதான் கதி. ஆனா 75 ஃபைட்ல இவர நிறுத்துன ஒரே ஆளு டைசன்தான். எனக்கு புடிச்சது 1992, வயசு 42, எதிர்ல ரே மெர்சர், ஒலிம்பிக் தங்கம் வாங்குன தோக்காத ஆளு. மூலைல கயித்துல சாஞ்சு நின்னுட்டு கேமராவப் பாத்து பேசிக்கிட்டே மெர்சருக்கு பாக்ஸிங் டியூஷன் எடுத்தாரு.

நேருஸ்டேடியம்1980:
காசையும் காப்பாத்திக்கிட்டாரு தம்பி, அத சொல்லலயே யாரும். சம்பாதிச்சத ஈஸ்டன்லயே கட்டடம், ஹோட்டல்னு போட்டாரு, ஆத்தோரமா ஒரு ரோட்டுக்கே அவர் பேரு. பெரிய சாம்பியனுங்க எத்தன பேரு கடைசில கடன்ல போனாங்கன்னு பாத்தா இதுவே ஒரு பட்டம்தான். எங்க அப்பா இருந்தா இத மட்டும் ஒத்துக்கிட்டிருப்பாரு.

கோவை_ரிங்சைட்:
மூணு நாள் கழிச்சு வரேன். நார்ட்டன் 15வது ரவுண்டு நாலு தடவ பாத்தாச்சு. ஸ்பிங்க்ஸ் ரீமேட்ச் ம்யூட்ல பாத்து பழைய டைரில மார்க் போட்டேன்: ஹோம்ஸ் 9 ரவுண்டு, ஸ்பிங்க்ஸ் 6. ராயபுரம் அண்ணா சொன்னதாலயே அப்படி போட்டேனோன்னு சந்தேகமா இருக்கு, 77 அண்ணா நீங்களும் ஒரு தடவ போட்டுட்டு வாங்க.

எதிர்க்கட்சி_77:
போட்டேன்யா போட்டேன். 8-7. யாருக்குன்னு சொல்ல மாட்டேன்.