கரடிப் பெட்டியும் அம்மாவின் தேங்காய் எண்ணெயும்

போன செப்டம்பரில் அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், அப்பர் பைன்ஸ் முகாமில் இரண்டு இரவு தங்கினோம். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட. கூடாரம் போடும் ஒவ்வொரு இடத்திலும், சாப்பாட்டையும் வாசனையுள்ள பொருட்களையும் கரடிக்கு எட்டாமல் வைக்க ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். தகட்டுக்குள் விரலை விட்டுத்தான் தாழைத் தள்ள வேண்டும். கரடியின் பாதம் அதற்குள் போகாது.

புளியோதரை, ஊறுகாய், முறுக்கு, காலி ஐஸ் பெட்டி, பல்பசை, சோப்பு எல்லாவற்றையும் அதில் அடுக்கினேன். இருட்டிய பிறகு காரில் சாப்பாடு வைக்க அங்கே அனுமதி இல்லை. எங்களுடையது மினிவேன் வேறு. 2001 முதல் 2007 வரை அங்கே கரடிகள் உடைத்த வண்டிகளை ஆராய்ந்ததில், மினிவேன்தான் அவற்றுக்கு ரொம்பப் பிடித்தது என்று தெரிந்ததாம். எங்கள் குழந்தை இருக்கையின் இடுக்கைப் பார்த்தால் காரணம் புரியும். அரை மணி நேரம் முறுக்குத் தூளைத் துடைத்தேன்.

ராத்திரி ஒரு மணி இருக்கும். 'டங்' என்று ஒரு சத்தம். பக்கத்துப் பெட்டியை ஏதோ அறைகிறது. கொஞ்ச நேரத்தில் எங்கள் பெட்டியிலும் அதே 'டங்'. அப்புறம் மூச்சு, கூடாரத்துக்கு ரொம்பப் பக்கத்தில்.

அம்மா மெதுவாகக் கேட்டார்: "டேய், என் பையில தேங்காய் எண்ணெய் இருக்கே, அதுவும் வாசனைதானா?"

பை எங்கே என்றேன். தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்.

தட்டு, கரண்டி எல்லாம் பெட்டிக்குள் இருந்ததால் கையைத் தட்டிக்கொண்டே கத்தினேன். அக்கம்பக்கத்திலும் சத்தம் போட்டார்கள். கரடி அவசரமே இல்லாமல் மரங்களுக்குள் போனது. கருங்கரடி என்கிறார்கள், டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் நல்ல பழுப்பு. விடிந்ததும் ரேஞ்சரிடம் சொன்னோம். எண்ணெய், தைலம், குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள் எல்லாமே பெட்டிக்குள் போக வேண்டியவை என்றார். அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை இல்லை: "எண்ணெயைப் போயா கரடி திங்கும்?"

---

உங்கள் தேங்காய் எண்ணெய்க் கதையைப் படித்தேன், அம்மாவுக்கு என் வணக்கம். எனக்கு நடந்தது அதே யோசெமிட்டியில், மலைக்குள்ளே நடந்து போய்த் தங்கியபோது. அங்கே சாப்பாட்டை மரத்தில் கட்டித் தொங்கவிடக் கூடாது. கரடியால் உடைக்க முடியாத டப்பாவைச் சுமந்துபோக வேண்டும். காலையில் பார்த்தால் வைத்த இடத்தில் டப்பா இல்லை. ஐம்பது அடி கீழே ஒரு பாறை இடுக்கில் கிடந்தது, மேலெல்லாம் எச்சில், நகக்கீறல். உள்ளே உப்புமா மாவு ஒரு பொட்டலம்கூடக் கிழியவில்லை.

சரி, திறப்போம் என்று உட்கார்ந்தால், அது காசை வைத்துத் திருகித் திறக்கும் ரகம். முந்தின நாள் திறந்து கொடுத்த நண்பன் தன் காசோடு திரும்பிப் போய்விட்டான். மிச்சம் இருந்த மூன்று பேரிடமும் கிரெடிட் கார்டுதான். எதிரே வந்த ஒரு பெரியவரிடம் 25 சென்ட் கடன் வாங்கி, பத்து மணிக்கு மேல்தான் உப்புமா.