புதுப்பிப்பு: செட்டாப் பாக்ஸ் பதிவுகள் கணினிக்கு வந்துவிட்டன

கேபிள் பெட்டியில் பென்டிரைவ் செருகிப் பதிந்த ஹெத்தையம்மன் திருவிழா (நீலகிரி படுகர்களின் விழா) கணினியில் திறக்கவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பென்டிரைவில் கோளாறு இல்லை. பெட்டி பதிவைப் பூட்டியே எழுதுகிறது. அதைத் திறக்கும் சாவி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெட்டி போனால் பதிவும் போச்சு!

அதனால் பெட்டியில் ஓடவிட்டு, வெளிவரும் படத்தைக் கணினியில் பதிய வேண்டும். எச்டிஎம்ஐ வழியில், நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி காப்பு குறுக்கிட்டுத் திரை கறுப்பாகிறது. கைகொடுத்தது பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கேபிள்தான். அதைக் கணினியில் இணைக்க யுஎஸ்பி கேப்சர் கருவி, பதிய ஓபிஎஸ் மென்பொருள்; பட அளவு 720x576, நொடிக்கு 25 ஃபிரேம். அசைவில் சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால் டீஇன்டர்லேஸ் (அந்தக் கோடுகளை நீக்கும் வசதி) போடுங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரம் ஓடவிடத்தான் வேண்டும்.

அப்புறம், கோத்தகிரி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எம்கேவி என்ற கோப்பு வகையில் பதியுங்கள். எம்பி4 கோப்பாகப் பதிவது பாதியில் நின்றால் பெரும்பாலும் திறக்காது. அம்மா இப்போது லேப்டாப்பை விடுவதில்லை.