வீட்டு மைன்கிராஃப்ட் சர்வர்: போர்ட் திறந்தும் வெளியிலிருந்து யாராலும் உள்ளே வர முடியவில்லை

கணக்கக்கா_தென்காசி

பையன் ஒன்பதாவது படிக்கிறான். கோவையில் இருக்கும் என் அண்ணன் மகனோடும் சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் மகளோடும் சேர்ந்து மைன்கிராஃப்ட் விளையாட வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. மாதாமாதம் வாடகை கட்டி சர்வர் எடுக்க எனக்கு மனசில்லை. ஆபீஸில் கழித்துக்கட்டிய லேப்டாப் ஒன்று சும்மா கிடந்தது. ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி மாற்றியிருக்கிறேன். அதில் லினக்ஸ் மின்ட், ஜாவா 21 போட்டு, பேப்பர் என்ற மைன்கிராஃப்ட் சர்வர் மென்பொருளை ஓடவிட்டாயிற்று. பதிப்பு 1.21.

வீட்டுக்குள் 192.168.1.40 என்று அடித்தால் பையன் உள்ளே போய்விடுகிறான். ரவுட்டரில் மைன்கிராஃப்ட் இணைப்பு வருகிற வழியான 25565 போர்ட்டை அந்த லேப்டாப்புக்குத் திருப்பியும் விட்டேன். கூகுளில் 'என் ஐபி என்ன' என்று பார்த்து, வந்த எண்ணைக் கோவைக்கு அனுப்பினேன். அவனுக்கு 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்றே வருகிறது. ஃபயர்வாலை அணைத்தும் பார்த்தேன். இணைப்பு கொடுத்தவர்களிடம் கேட்டால், "ஸ்பீடு வருதில்ல மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூர்ப் பிள்ளை ஐபேடில் விளையாடுகிறாள். அவளுக்கும் வேலை செய்யவில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

ராத்திரி_ரவுடி

ரவுட்டரில் டிஎம்இசட் என்று ஒன்று இருக்கும். அதில் லேப்டாப் ஐபியைப் போட்டு ஆன் பண்ணுங்க, எல்லா போர்ட்டும் திறந்துடும். எனக்கு அப்படித்தான் ஓடுது.

ஃபைபர்காரன்

அக்கா, டிஎம்இசட் வேண்டாம். கேம் ஆட ஒரு போர்ட் போதும். லேப்டாப்பின் அத்தனை கதவையும் திறந்து வைக்க வேண்டியதில்லை. ஃபயர்வாலையும் திரும்பப் போட்டுவிட்டு 25565 டிசிபி-க்கு மட்டும் வழி விடுங்கள்.

நான் வீடு வீடாக ஃபைபர் இழுக்கிறவன். இதே கேள்வியைக் கேமில் இல்லை, சிசிடிவியில் தினம் பார்க்கிறேன். ரவுட்டருக்குள் போய் 'வேன் ஐபி', அதாவது இணைப்புக் கம்பெனி உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி, என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். கூகுள் காட்டும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால் தப்பு உங்கள் வீட்டுக்குள்தான், தேடிக் கண்டுபிடித்துவிடலாம். வேறாக இருந்து, 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குள், அதாவது ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கிற அமைப்புக்குள், இருக்கிறீர்கள். ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரி மொத்தமே சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பு 2011-லேயே கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. அதனால் ஒரே கதவு எண்ணில் ஊர்ப்பட்ட குடித்தனத்தை வைத்திருக்கிறார்கள். வெளியே போகிற கடிதம் போய்விடும். வெளியிலிருந்து வருகிற ஆளுக்கு எந்த வீடு என்று தெரியாது. நீங்கள் ரவுட்டரில் என்ன திறந்தாலும், உங்களுக்கு மேலே இணைப்புக் கம்பெனியில் இருக்கிற பெட்டி அதைத் திறக்காது.

ஐபேட் கதை வேறே. அது பெட்ராக் எடிஷன். நீங்கள் வைத்திருப்பது ஜாவா எடிஷன். இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது.

கணக்கக்கா_தென்காசி

தம்பி, பார்த்துவிட்டேன். ரவுட்டரில் 100.81 என்று தொடங்குகிறது, கூகுளில் வேறு எண். சரி, அப்போது காசு கட்டி ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத தனி முகவரி, வாங்குவதுதான் வழியா?

செவ்வந்தி

வாங்கலாம். ஆனால் மூன்று பிள்ளைகளுக்காக அது தேவையில்லை. இரண்டு வழி சொல்கிறேன், எனக்குப் பிடித்தது முதலாவது.

டெயில்ஸ்கேல் என்ற செயலியை லேப்டாப்பிலும், கோவைப் பையன் கணினியிலும், ஐபேடிலும் போடுங்கள். சொந்த உபயோகத்துக்கு இலவசம். எல்லாரும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருக்கிற மாதிரி ஆகிவிடும். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். அதுவும் லேப்டாப்புக்கு 100 என்று தொடங்கும் எண்ணைத்தான் கொடுக்கும். ரவுட்டரில் பார்த்த எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செயலி போடப் பிள்ளைகள் சுணங்கினால் ப்ளேஇட் மாதிரி ஒரு டனல் சேவை. அது உங்கள் பக்கத்திலிருந்து வெளியே போய் இணைப்பைப் பிடித்துக்கொள்வதால் சிஜிநாட் தடுக்காது. ஆனால் முகவரி பொதுவெளியில் இருக்கும். சர்வர்களைத் தேடி ஸ்கேன் செய்துகொண்டே இருக்கும் பாட்கள் எப்படியும் வந்து கதவைத் தட்டும். நீங்கள் சேர்த்த பெயர்களை மட்டும் உள்ளே விடும் ஒயிட்லிஸ்ட் இல்லாமல் திறக்கவே கூடாது. வருகிறவரின் கணக்கு உண்மையானதா என்று சரிபார்க்கும் 'ஆன்லைன் மோட்' ட்ரூவாகவே இருக்கட்டும்.

ஐபேடின் பெட்ராக்கை ஜாவா சர்வரோடு பேச வைக்க கெய்சர், ஃப்ளட்கேட் என்ற இரண்டு பிளகின்களையும் (சர்வரில் சேர்க்கும் துணை நிரல்கள்) பேப்பரின் பிளகின்ஸ் ஃபோல்டரில் போட்டு சர்வரை மறுபடி கிளப்புங்கள். அதற்கு 19132 யுடிபி போர்ட். பாப்பா தனியாக ஜாவா கணக்கு வாங்க வேண்டாம். அவள் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துத்தான் சர்வர் காட்டும். ஒயிட்லிஸ்டில் சேர்க்கும்போது அந்தப் புள்ளியை விட்டால் உள்ளே விடாது.

கணக்கக்கா_தென்காசி

டெயில்ஸ்கேலில் கோவைப் பையன் வந்துவிட்டான்! பாப்பாவும் வந்தாள், பெயருக்கு முன்னால் புள்ளியோடு. ஆனால் மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் ஓடினால் மாடு எல்லாம் அப்படியே நின்று நின்று நகர்கிறது. ரேம் போதாதா?

ஃபைபர்காரன்

ரேம் இல்லை அக்கா. சர்வருக்கு 4 ஜிபி கொடுத்தால் மூன்று பேருக்குத் தாராளம். சர்வர் உலகத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு சுற்றும் ஒரு டிக். விநாடிக்கு 20 டிக், அதாவது ஒரு டிக்குக்கு 50 மில்லி விநாடி. புது நிலத்தை உருவாக்கும் வேலை கூடும்போது அந்த நேரத்துக்குள் முடியாமல் தடுமாறுகிறது. ஆளைச் சுற்றி எவ்வளவு தூரம் காட்டுவது என்ற 'வியூ டிஸ்டன்ஸ்' 10-ல் இருக்கும், 6 ஆக்குங்கள். சங்க்கி பிளகின் போட்டு, ராத்திரி எல்லாரும் தூங்கும்போது சுற்றுவட்டாரத்தை முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிட்டால் பாதித் தொல்லை போச்சு.

அப்புறம், மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். பவர் செட்டிங்கில் 'மூடினால் ஒன்றும் செய்யாதே' என்று மாற்றுங்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் செத்துவிடும். கடையில் 12 வோல்ட் ரவுட்டர் யுபிஎஸ் என்று சின்னப் பெட்டி கிடைக்கும், வாங்கிப் போடுங்கள். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி_ரவுடி

என் வேன் ஐபியும் கூகுள் ஐபியும் ஒன்றுதான். டிஎம்இசட்டை எடுத்துட்டு ஒரு போர்ட் மட்டும் போட்டேன், அப்பவும் ஓடுது.

செவ்வந்தி

ஒயிட்லிஸ்ட் போட்டீங்களா?