சரிவில் நிறுத்தினால் ஹாண்ட் பிரேக் பிடிப்பதில்லை: கேபிளை இறுக்கினால் போதுமா?

கேள்வி (ஹட்டனிலிருந்து):
வணக்கம். எங்கள் வீடு செங்குத்தான கொங்கிறீட் பாதையில் இருப்பதால், ஓட்டோ கியர் உள்ள எனது சிறிய காரை இறக்கத்தைப் பார்த்தபடியே நிறுத்த வேண்டியிருக்கிறது. முன்பு ஐந்தாறு 'கிளிக்'கில் இறுகிய ஹாண்ட் பிரேக் இப்போது பத்து வரை இழுத்தும் பிடிப்பதில்லை. காலையில் பார்க்கிங் நிலையிலிருந்து கியரை எடுக்கும்போது 'டொக்' என்ற பெரிய சத்தமும் கேட்கிறது. அந்தப் பாதையில் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்பதால் அச்சமாக இருக்கிறது.

பதில் (பண்டாரவளை, கராஜ் வேலை செய்பவர்):
ஐயா, அச்சத்தம் கியர்பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. பார்க்கிங் நிலையில் வண்டியைப் பிடித்திருப்பது ஒரு பல்சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் சிறிய இரும்பு நாக்கு மட்டுமே. ஹாண்ட் பிரேக் பிடிக்காததால் முழுப் பாரமும் அதன்மேல் இறங்குகிறது. ஆகவே கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு மாற்றி, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெதுவாகத் தளர்த்தி வண்டி அதில் தங்குகிறதா என்று பார்த்த பிறகே, மீண்டும் மிதித்துப் பார்க்கிங்கிற்குக் கொண்டுவாருங்கள்.

கேபிளை மட்டும் இறுக்க வேண்டாம். பின் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றி, அதன் உட்புறத்தில் உரசிப் பிடிக்கும் லைனர் தேய்ந்திருக்கிறதா, லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டரில் பிரேக் ஒயில் கசிகிறதா என்று பார்த்து, லைனரின் இடைவெளியைச் சரிசெய்த பின்னரே கேபிளைத் தொட வேண்டும். தேய்ந்த லைனரை வைத்துக்கொண்டு கேபிளை இறுக்குவது நோயை மறைப்பதாகும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஓடும்போதும் லைனர் உரசிச் சூடேறும்.

பதில் (நுவரெலியாவிலிருந்து):
திருத்தும்வரை முன் சக்கரங்களை மண்மேடு இருக்கும் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். நழுவினாலும் வண்டி மேட்டில் முட்டி நிற்கும். டயரின் இறக்கப் பக்கத்தில் மரக்கட்டையும் வையுங்கள். எங்கள் ஊர் ஈரத்தில் சில நாட்கள் ஓடாமல் நின்ற வண்டியின் லைனர் துருப்பிடித்த டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் அதற்குப் பயந்து சரிவில் ஹாண்ட் பிரேக் போடாமல் விடாதீர்கள். சமதரையில் நீண்ட நாள் நிறுத்தும்போது மட்டும் கட்டையை நம்பலாம்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. டிரம்மைக் கழற்றியபோது இடது பின் சிலிண்டர் கசிந்து லைனர் முழுவதும் ஒயிலில் ஊறியிருந்தது. சிலிண்டரையும் இரு பக்க லைனர்களையும் மாற்றினோம். இப்போது ஆறாவது கிளிக்கில் இறுகுகிறது. நீங்கள் சொன்ன வரிசைப்படி நிறுத்துவதால் காலையில் அந்தச் சத்தமும் இல்லை. கட்டையை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.