ரோபோ கைக்குத் தோசைத் திருப்பியைப் பழக்குவது எப்படி?

செல்லூர்க்காரன்:
அப்பா செல்லூரில் தோசைக்கடை வைத்திருக்கிறார். கல்லூரி புராஜெக்டுக்கு, சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார் ஆறு போட்டு ஒரு ரோபோ கை செய்தேன். இரண்டு விரல்தான். தோசையை நேராகப் பிடித்தால் கிழிகிறது என்று திருப்பியைக் கொடுத்தேன். இப்போது கல்லைச் சுரண்டுகிறது, இல்லாவிட்டால் காற்றில் வீசுகிறது. கோணத்தையெல்லாம் புரோகிராம் கோடில் எழுதிப் பார்த்துவிட்டேன். அப்பா சிரிக்கிறார், அதுதான் தாங்கவில்லை. ஏஐ உதவுமா?

லேத் பட்டறை:
தம்பி, ஏஐ அப்புறம். விரலுக்குள் கைப்பிடி வழுக்குகிறதா பாருங்கள். வழுக்கினால் திருப்பியின் முனை எங்கே இருக்கிறது என்று எந்த மூளைக்கும் தெரியாது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கல்லும் தப்பிக்கும்.

திருநகர் வாசகி:
அண்ணன் சொல்வது சரி. கோணத்தை எழுதாதீர்கள் தம்பி, செய்துகாட்டுங்கள். 2023இல் வந்த டிஃப்யூஷன் பாலிசி என்ற ரோபோ பயிற்சி முறை அப்படித்தான்: மனிதர் இயக்கிக் காட்டியதைக் கேமராப் படங்களோடு சேர்த்துப் படித்து, அடுத்த சில அசைவுகளை ஏஐ மாடலே உருவாக்கும். கரண்டியால் பீட்சா மாவில் சாஸ் பரப்பியதும் அந்த ஆய்வில் உண்டு. அதே ஆண்டு கூகுளின் ஆர்டி-2 என்ற ரோபோ ஏஐ மாடல், ஆணி அடிக்கச் சுத்தியலுக்குப் பதில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் கருவியைத் தேர்ந்தெடுப்பது வேறு, பயன்படுத்துவது வேறு. உங்களுடையது இரண்டாவது சிக்கல். ஒழுங்காகத் திரும்பிய தோசை மட்டும் போதாது. மாட்டிக்கொண்டபின் மீள்வதையும் பதிவுசெய்யுங்கள்.

செல்லூர்க்காரன்:
டியூப் சுற்றியாயிற்று. ஜாய்ஸ்டிக்கை அப்பாவிடமே கொடுத்தேன். அவர் முதலில் ஓரத்தைச் சுற்றிக் கிளப்பிவிட்டு, அப்புறம்தான் நடுவில் நுழைக்கிறார். என் கோடில் அது இல்லவே இல்லை! நேற்று ஒன்று முழுதாகத் திரும்பியது. சாப்பிட்டுப் பார்த்து, உப்பு குறைவு என்றார்.