எராஸ்மஸ் உண்மையில் குருதானா?

உவர்மலை: விடுமுறையில் 'குவெஸ்ட் ஃபோர் குளோரி' கணினி விளையாட்டின் முதலாம் பாகம் தொடங்கியிருக்கிறேன், மந்திரவாதியாக. சௌபர்பெர்க் மலையேறி, வாசலில் கல்பூதம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி உள்ளே போனால், மூத்த மந்திரவாதி எராஸ்மஸ் சொற்சிலேடையாகப் பேசிக்கொண்டே இருக்கிறார். அவருடைய எலி ஃபென்ரஸ், தன் ஏவலாள்தான் எராஸ்மஸ் என்கிறது. எங்கே பாடம்? இவரிடம் நேரம் செலவிடலாமா?

கன்னியா_7: செலவிடுங்கள். 'மேஜஸ் மேஸ்' என்ற புதிர்வழி ஆட்டத்தில் அவரை வென்றால் 'டாஸில்' மந்திரம் கிடைக்கும். ஆனால் ஓப்பின், ஃபெச், ஃபிளேம் டார்ட், ட்ரிகர் என்ற நான்கு மந்திரங்களும் கையில் இருக்க வேண்டும்.

பழைய_துறைமுகம்: தம்பி, அந்த ஆட்டத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். உங்களுடைய சின்ன உயிர் அவருடையதற்கு முன் மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். அதைத் தூக்கி வைக்க முடியாது. மந்திரம் போட்டு வழிதான் செய்து கொடுக்கலாம். நான்கு மந்திரத்தையும் எங்கே, எப்போது போடுவது என்று தலை யோசித்துக்கொண்டே இருக்கும். பாடம் அதுதான். அதை அவர் பாடம் என்று சொல்வதில்லை, அவ்வளவே.

எனக்கு இவரைப் பிடித்ததற்கு என் சித்தப்பா காரணம். உள்துறைமுக வீதிப் பக்கம் றேடியோ திருத்துவார். பாடசாலை விட்டுப் போனால் ஒரு உடைந்த டோர்ச்சைக் கையில் தந்து, "விளையாடு" என்பார். ஒன்றும் விளக்க மாட்டார், பழைய படப்பாட்டு ஒன்றை முணுமுணுப்பார். மூன்றாம் நாள் பல்ப் எரிந்தபோதுதான் ஈயம் பற்றவைக்கும் கருவியைக் கையில் தந்தார். 1989இல் வந்த மூலப் பதிப்பை, தட்டச்சு செய்து விளையாடுவதை, அவர் கடைக் கணினியில்தான் முதலில் கண்டேன். எழுத்துப் பிழை விட்டால் அது புரிந்துகொள்ளாது. மடியில் அகராதி வைத்துக்கொண்டு எராஸ்மஸிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆங்கிலம் எனக்கு அப்படித்தான் வந்தது. 1992இல் வந்த மறுஆக்கத்தில் சொடுக்கினால் போதும், வசதிதான், ஆனாலும் அந்தப் பழைய பதிப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இன்னொன்று. இரண்டாம் பாகத்தில் மந்திரவாதிகளின் கல்விக்கூடம் உங்களைச் சோதிக்கும். தேறினால் அங்கேயே தங்கச் சொல்லும். தங்கினால் வீரனாக உங்கள் பயணம் அதோடு முடிந்தது. எழுந்து வெளியே போகத் தெரிய வேண்டும். எராஸ்மஸ் போன்றவரிடம் படித்தவனுக்கு அந்த முடிவு கடினமாக இருக்காது என்பது என் எண்ணம்.

கன்னியா_7: முதல் பாகம் முடிந்ததும் உங்கள் வீரனைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பாகத்துக்கு அவனையே கொண்டு போகலாம், திறமைகளோடு.

உவர்மலை: நன்றி அண்ணை. நேற்று எலி பேசியதை முழுதாக வாசிக்காமலே தாண்டிவிட்டேன், இன்று இரவு திரும்பப் போய் எல்லாம் கேட்கிறேன். ஃபிளேம் டார்ட் இன்னும் இல்லை. ஸாராவின் மந்திரக் கடைக்குப் போக வெள்ளிக் காசு சேர்க்க வேண்டும்.